வீட்டுக்கு வீடு வாசப்படி, டேபிளுக்கு டேபிள் ரூல்

போன இதழ்ல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுல சொந்தமா ஹவுஸ் ரூல் போட்டுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டதுக்கு, போடுங்க ஆனா பாத்துப் போடுங்கன்னு ரெண்டு வரில முடிச்சிருந்தேன். முடிஞ்சுதா அது? காரைக்குடி சுத்துவட்டாரம் பூரா கடுதாசியும் வாட்ஸப்புமா வந்து குவிஞ்சிருச்சு, அதனால இந்த இதழ் முழுக்க இதேதான், சமையல் கேள்வி அனுப்புனவுக கோவிச்சுக்காதீக.

விளையாட்டு தெரியாதவுகளுக்கு: ஒருத்தர் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்), கதையும் அரக்கனும் அவர் பொறுப்பு, மத்தவுகளுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம் (வாள் புடிக்கிற ஃபைட்டர், மந்திரம் போடுற விசார்டுன்னு, ஆட ஆட லெவல் ஏறும்), என்ன செய்யப் போறோம்னு சொல்லிட்டு இருபது முகம் இருக்குற டி20 டைஸ உருட்டணும், நம்பர் பெருசா விழுந்தா நடக்கும். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டு வந்தது. இப்ப நம்ம பக்கம் ஆடுறது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன், 2024ல அதத் திருத்தி மறுபடி போட்டாக. நான் சொல்ற கணக்கு 2014 புக்குக்கு, எங்கயாவது மாறுனா சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணே, நான் லெவல் 5 ஃபைட்டர். அடிக்கிறப்ப 1 விழுந்தா வாள் கைய விட்டுப் பறந்துரும்னு எங்க டிஎம் ரூல் வச்சிருக்காரு. ஒரே சண்டைல ரெண்டு தடவ குனிஞ்சு வாளப் பொறுக்குனேன், பக்கத்துல விசார்டு ஜம்முனு ஃபயர்பால் போட்டுட்டு உக்காந்திருக்கான். கேட்டா "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா"ங்குறாரு. இது நியாயமா?
— செக்காலை, காரைக்குடி

பதில்: ரூல் ஒண்ணுதான் தம்பி, உருட்டுற எண்ணிக்கை ஒண்ணு இல்லையே. எந்த ஹவுஸ் ரூல் வந்தாலும் நான் மொதல்ல பாக்குறது இதத்தான், இந்த டேபிள்ல யாரு அதிகமா உருட்டுறாக, அப்ப இதுக்கு யாரு தண்டம் கட்டப் போறாக.

டி20ல 1 விழ வாய்ப்பு நூத்துக்கு 5. ஒரு டர்னுக்கு ஒரு அடி அடிக்கிறவனுக்கு அவ்வளவுதான். நீங்க லெவல் 5, ரெண்டு அடி, அப்ப ஒரு டர்ன்ல ஒரு தடவயாவது 1 விழ 9.75 சதவீதம். லெவல் 11ல மூணு அடி வந்துரும், அது 14 சதவீதத்தத் தாண்டும். லெவல் 20ல நாலு அடி, 18.5 சதவீதம், அதுல ஆக்ஷன் சர்ஜ் (ஒரே டர்ன்ல இன்னொரு சுத்து அடிக்கிற வித்தை) வேற போட்டு எட்டு அடி அடிச்சீகன்னா மூணு தடவைக்கு ஒரு தடவ வாள் தரையில கிடக்கும். அதாவது ஊர்லயே பெரிய வீரனாக ஆக வாள் நழுவுறது கூடிக்கிட்டே போகுது, நேத்து கத்தி புடிச்ச பய உங்கள விட கெட்டியா புடிக்கிறான், இது எந்த ஊரு வீரம்?

விசார்டு பக்கம் பாப்போம். ஃபயர்பாலுக்கு அவன் டி20 உருட்டவே வேணாம், மாட்டுனவந்தான் தப்பிக்க உருட்டணும், 8டி6, அதாவது ஆறு முக டைஸ் எட்டு உருட்டிக் கூட்டுற அடி, சராசரி 28, தப்பிச்சாலும் பாதி அடி உண்டு. அவனுக்கு 1ங்குற நம்பரே கிடையாது. இப்ப அரக்கன் பக்கம். ஒரு ஓர்க் உசுரோட இருக்குறது ரெண்டு மூணு ரவுண்டு, அவன் கோடாலி கீழ விழுந்தா என்ன, எப்படியும் சாகப் போறவன். நீங்க அந்த ஒரு ஆள வருசக்கணக்கா ஆடப் போறீக, எல்லாச் சண்டைலயும் நீங்கதான் இருப்பீக, அதனால தற்செயலா வர்ற கெட்டது எதுவா இருந்தாலும் கடைசில ஆட்டக்காரன் தலையிலதான் விடியும்.

டிஎம் கிட்ட சண்டை போடாதீக. அடுத்த ஆட்டத்துல ஒரு நோட்டுல எல்லார் பேரையும் எழுதி, ஒவ்வொருத்தர் அடிக்க டி20 உருட்டும்போதும் ஒரு கோடு போடச் சொல்லுங்க, அஞ்சாவது கோட்ட குறுக்க இழுத்துக் கட்டு கட்டா. ஆட்டம் முடிஞ்சதும் நோட்ட அவர் பக்கம் திருப்பி வைங்க, உங்க பேருக்கு நேரா கட்டுக் கட்டா நிக்கும், விசார்டு பேருக்கு நேரா ரெண்டு கோடு நிக்கும், வேற பேச்சே தேவப்படாது.

என்னையக் கேட்டா ரூலயே தூக்கிடுவேன். இல்லப்பா எனக்கு அந்த காமெடி வேணும்னு அவர் அடம் புடிச்சா, டர்னோட மொத அடிக்கு மட்டும்னு வைக்கச் சொல்லுங்க, அப்ப எல்லா லெவலுக்கும் அதே 5 சதவீதம்தான். அப்படியே கூட ஒண்ணு சேத்துக்கச் சொல்லுங்க: மந்திரத்துலேருந்து தப்பிக்க உருட்டுறவனுக்கு 20 விழுந்தா அந்த மந்திரம் போட்டவன் தாடி கருகும். ஓட்டுக்கு விடுறப்ப விசார்டு எந்தப் பக்கம் கை தூக்குறான்னு பாருங்க.

கேள்வி: 20 விழுந்தா டேமேஜ் டைஸ ஃபுல் நம்பரா எடுத்துக்கிட்டு அதுக்கு மேல இன்னொரு தடவ உருட்டிக் கூட்டிக்கலாம்னு வச்சிருக்கோம். செம ஜாலியா இருக்கு, ஆனா மொத ஆட்டத்துலயே ரெண்டு பேர் சுருண்டு விழுந்துட்டாக. ரூல்ல தப்பா, அதிர்ஷ்டத்துல தப்பா?
— பள்ளத்தூர்

பதில்: லெவல் 1ல அத ஆரம்பிச்சதுதான் வினை. ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) அடிக்கு 1டி6 கூட 2. புக்குல சொன்னபடி 20 விழுந்தா 2டி6 கூட 2. உங்க ரூல்ல 6 கூட 1டி6 கூட 2, அதாவது கொறஞ்சது 9. லெவல் 1 விசார்டுக்கு உடம்பு நல்லா இருந்தாலும் 8 ஹெச்பிதான் (ஹெச்பின்னா உசுர்க் கணக்கு, தீந்தா விழுந்துருவான்), விழுந்தே தீருவான், டைஸ் உருட்டுறதே வீண். சரி அவன் நோஞ்சான், 12 ஹெச்பி இருக்குற ஃபைட்டர எடுங்க, புக் ரூல்ல அவன் ஒரே அடில விழ 17 சதவீதம், உங்க ரூல்ல 50. இதுக்குப் பதிலா உங்களுக்கு என்ன கிடைச்சுது? கோப்ளினுக்கு மொத்தமே 7 ஹெச்பி, சாதா அடிலயே பாதி நேரம் போயிடுவான், அவன் மேல பெரிய அடி விழுந்து ஒரு புண்ணியமும் இல்ல.

லெவல் 5 வர்ற வரைக்கும் ஆட்டக்காரங்களுக்கு மட்டும் வைங்க, அப்புறம் அரக்கனுக்கும் குடுங்க. பாலடின் (வாளோட சாமி மந்திரமும் வச்சிருக்குற வீரன்) இருந்தா மட்டும் ஒரு கண்ணு வைங்க, 2014 புக்குல அடி எதிரி மேல பட்டதுக்கு அப்புறம்தான் ஸ்மைட் (மந்திரத்தால கூடுற அடி) போடுறதா வேணாமான்னு அவர் முடிவு பண்ணுவாரு, 20 விழுந்தத பாத்துட்டு பெரிய ஸ்லாட்ட (மந்திரம் போட எண்ணிக் குடுத்த வாய்ப்பு) எடுத்து வைப்பாரு, உங்க ரூல்ல மத்த எல்லாரையும் விட லாபம் அவருக்குத்தான்.

கேள்வி: போஷன் (உடம்பு தேத்துற மருந்து) குடிக்க ஒரு டர்னோட முழு ஆக்ஷன் போகுதுங்குறது அநியாயமா இருக்கு, போனஸ் ஆக்ஷன்ல (அதே டர்ன்ல கூட செய்யுற சின்ன வேலை) குடிச்சா தப்பா?
— தேவகோட்டை

பதில்: தப்பே இல்ல, 2024 புக்குல அவுகளே அப்படி மாத்திட்டாக. 50 தங்கக் காசு குடுத்து வாங்கி 2டி4 கூட 2, சராசரியா 7 ஹெச்பி ஏறுறதுக்கு ஒரு டர்ன வேற தொலைக்கணுமாக்கும். ஒண்ணே ஒண்ணு, ரோக் (திருட்டுக் கைகாரன்) மாதிரி போனஸ் ஆக்ஷன ஏற்கெனவே ஓடி ஒளியச் செலவழிக்கிறவுகளுக்கு இதுல பெரிய லாபம் இல்ல. பரவால்ல, வைங்க.

கேள்வி: லீவுக்கு வந்த பேரப்பிள்ளைக முத்தத்து வளவுல பாய விரிச்சுக்கிட்டு ராத்திரி பூரா என்னமோ கலர் கலரா கட்டைய உருட்டுதுக. பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் ரூல மாத்திட்டான் மாத்திட்டான்னு சண்டை. நாங்களுந்தான் தாயம் ஆடுனோம், இப்புடியா நெனச்சப்ப மாத்துனோம்?
— ஒரு அப்பத்தா, கானாடுகாத்தான்

பதில்: மாத்துனீக அப்பத்தா! ஆட்டத்துக்கு நடுவுல மாத்தலயே தவிர வீட்டுக்கு வீடு மாத்தித்தான் ஆடுனீக. ஒரு வீட்டுல தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், அடுத்த வீட்டுல அஞ்சு விழுந்தாலும் இறக்கலாம். ஒரு வீட்டுல எதிராளி காய ஒண்ணாவது வெட்டுனாத்தான் உள்கட்டத்துக்குப் போக விடுவாக, சின்னப்புள்ள ஆடுனா வெட்டு இல்லாமயே போன்னு விட்ருவாக. பேரப்பிள்ளைக பண்றது அதேதான், உங்க ரத்தம்.

நீங்க கேட்டதுனால தாயத்த வச்சே ஒண்ணு சொல்றேன், பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்க. பித்தளைக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 1, 2, 3, ஒண்ணு வெறும் முகம். மொத்தம் 16 விதமா விழலாம், அதுல தாயம் ரெண்டு விதம்தான், ஒண்ணுல 1 விழுந்து இன்னொண்ணு வெறுமையா விழணும். அப்ப எட்டுல ஒரு பங்கு. எட்டு தடவ உருட்டுனா கண்டிப்பா விழுந்துரும்னு நெனப்போம், அதான் இல்ல, மூணு பேர் அப்படி உருட்டுனா அதுல ஒருத்தர் எட்டு தடவைக்கு அப்புறமும் காய கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. பாவமா இருக்கேன்னு சில வீட்டுல "மூணு தடவ விழலன்னா சும்மா இறக்கிக்க"ன்னு ஒரு சலுகை வைப்பாக. நல்ல மனசுதான், ஆனா மூணு தடவையும் தாயம் விழாம இருக்க வாய்ப்பு நூத்துக்கு 67. அப்ப மூணுல ரெண்டு பேர் சலுகையிலதான் இறங்குறாக, தாயம் போட்டு இறங்குறவுக கொறைச்சல், தாயத்துக்கு இருந்த மதிப்பே போச்சு. அதுக்கு அஞ்சையும் சேத்துக்கிட்டா 16ல நாலு விதம், நாலுல ஒரு பங்கு, எல்லாரும் உருட்டியே இறங்கிடலாம், யாருக்கும் தர்மம் பண்ண வேணாம்.

பேரப்பிள்ளைக விளையாட்டுலயும் இதே கதைதான், ஒருத்தன் தோத்துக்கிட்டே இருக்கான்னு இரக்கப்பட்டு ஒரு ரூல் போடுவாக, அத எண்ணிப் பாக்க மாட்டாக, அப்புறம் எல்லாரும் அந்த ரூலுக்காகவே தோக்க ஆரம்பிச்சிருவாக. சண்டைக்கு மருந்து ஒண்ணுதான், ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ரூல எழுதி வைக்கச் சொல்லுங்க, நடுவுல மாத்தணும்னா அடுத்த நாள்லேருந்துதான். எழுதுனத செவுத்துல மட்டும் ஒட்ட விட்றாதீக அப்பத்தா, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச செவுரு, டேப்ப உரிச்சா அதோட வந்துரும்.

கேள்வி: எதிரிக்கு முன்னயும் பின்னயும் ஆள் நின்னா அட்வான்டேஜ்னு ஃப்ளாங்கிங் ரூல் ஆடுறோம், புக்குலயே ஆப்ஷனா இருக்கு. ஆனா இப்ப எல்லாச் சண்டையும் ஒரே மாதிரி இருக்கு, ஆளுக்கு ஒரு பக்கம் போய் நிக்கிறது, அடிக்கிறது, அவ்வளவுதான்.
— கோட்டையூர்

பதில்: அட்வான்டேஜ்னா டி20ய ரெண்டு தடவ உருட்டி பெரிச எடுத்துக்கிறது. அடிச்சா 65 சதவீதம் படுற ஆளுக்கு அது 88 சதவீதத்துக்கு கிட்டப் போயிரும், 20 விழுற வாய்ப்பும் 5லேருந்து 9.75க்கு ஏறும். இவ்வளவு பெரிய சாமானத்த நாலு அடி நடந்ததுக்கு குடுத்தா யாரு வேற ஐடியா யோசிப்பாக? பார்பேரியன் ரெக்லஸ் அட்டாக் போட்டு அட்வான்டேஜ் வாங்குறான்னா அதுக்கு விலையா எதிரிகளுக்கும் தன் மேல அட்வான்டேஜ் குடுக்குறான், இங்க பக்கத்துல நிக்கிற ஆளுக்கு அதே சாமான் சும்மா கிடைக்குது. ரெண்டு அட்வான்டேஜ் சேராது வேற, அப்ப ஒளிஞ்சிருந்து அடிக்கிறது, எதிரியத் தள்ளி விடுறது எல்லாம் வீண் வேலை.

இன்னொண்ணு, சுத்தி வளைக்க ஆள் வேணும். நீங்க நாலு பேரு, கோப்ளின் எட்டு பேரு. டிஎம் நல்ல மனுசனா இருக்கப்போயி இதுவரைக்கும் தப்பிச்சிருக்கீக. அட்வான்டேஜுக்குப் பதிலா கூட 2ன்னு மாத்துங்க, 65 வந்து 75 ஆகும், நடந்ததுக்கு அது போதும்.

கேள்வி: கேரக்டரோட பலம், புத்தி மாதிரி ஆறு தெறமைக்கும் நம்பர் போட 4டி6 உருட்டி சின்னத விட்டுட்டு கூட்டுறோம். என் தங்கச்சிக்கு 18, 17, 16. எனக்கு 13 தாண்டல. ரீரோல் கேட்டா அழுகுணி ஆட்டம்ங்குறாக.
— புதுவயல்

பதில்: அழுகுணியெல்லாம் இல்ல. ஆறு தடவ உருட்டுறதுல ஒரு 18 வர்ற வாய்ப்பே பத்துல ஒண்ணுக்கும் கீழ, அது தங்கச்சிக்கு விழுந்துச்சு, அந்த ஒரு சாயங்கால அதிர்ஷ்டத்துக்கு நீங்க ஆட்டம் முடியுற வரைக்கும் வட்டி கட்டணுமா? எல்லாருமா சேந்து ஆறு தடவ உருட்டுங்க, ஆளுக்கு ஒரு தடவ, வர்ற ஆறு நம்பரையும் எல்லாரும் பொதுவா எடுத்துக்கங்க, எந்த நம்பர எங்க வைக்கிறதுங்குறது அவுகவுக இஷ்டம். உருட்டுற சந்தோசமும் இருக்கும், வயித்தெரிச்சலும் இருக்காது. அதுவும் வேணாம்னா புக்குல இருக்குற 15, 14, 13, 12, 10, 8.

கேள்வி: நாங்க ஆறு பேரு, ஒருத்தர் சிங்கப்பூர், ரெண்டு பேர் சென்னை, எல்லாரும் ஒண்ணா சேர்றது திருவிழா, கல்யாணம்னு ஊருக்கு வர்றப்பதான். அதனால ஒரு தடவ உக்காந்தா ஒரு சண்டைதான் முடியுது, அடுத்த தடவ வர்றப்ப "தூங்கி எந்திரிச்சாச்சு"ன்னு எல்லாத்தையும் ஃபுல்லாக்கிட்டு தொடங்குறோம். வார்லாக் (இன்னொரு வகை மந்திரவாதி) ஆடுற எனக்கு மட்டும் போரடிக்குது, ஏன்னு சொல்லத் தெரியல.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நான் சொல்றேன் ஆச்சி. விசார்டுக்கு ஸ்லாட் நெறைய, ஆனா லாங் ரெஸ்ட் (ராத்திரித் தூக்கம்) எடுத்தாத்தான் திரும்ப வரும். உங்களுக்கு ஸ்லாட் ரெண்டே ரெண்டு, ஆனா ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட்லயே வந்துரும். ஒரு நாள்ல பல சண்டை நடக்கும், நடுவுல ரெண்டு தடவ ஷார்ட் ரெஸ்ட் எடுப்பாகன்னு நெனச்சுத்தான் இந்தப் பாத்திர வகைய எழுதியிருக்காக, 2014 டிஎம் புக்குல ஒரு நாளைக்கு ஆறுலேருந்து எட்டு நடுத்தரச் சண்டைன்னு கணக்கே இருக்கு. உங்க டேபிள்ல நாளைக்கு ஒரு சண்டை. விசார்டு எட்டு சண்டைக்கு வச்சிருந்தத ஒரே சண்டைல கொட்டுறாரு, நீங்க ரெண்ட போட்டுட்டு மிச்ச நேரம் ஸ்லாட் செலவாகாத எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்த உருட்டிக்கிட்டு இருக்கீக. யாரும் உக்காந்து தீர்மானம் போடல, ஆனா "வர்றப்பல்லாம் ஃபுல்"ங்குறதும் ஒரு ஹவுஸ் ரூல்தான், தண்டம் கட்டுறது நீங்களும் ஃபைட்டரும்.

சரி பண்ண புக்குலயே ஒண்ணு இருக்கு, ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள்னு. எனக்கு அது அவ்வளவா புடிக்கல, மேஜ் ஆர்மர் மாதிரி எட்டு மணி நேரம் நிக்கிற மந்திரமெல்லாம் செல்லாக்காசாயிரும், இப்ப உங்களுக்கு விழுற அடி அங்குட்டு திரும்பும். அதுக்குப் பதிலா, பத்திரமான ஊர் சத்திரத்துல படுத்தாத்தான் லாங் ரெஸ்ட்னு வைங்க, காட்டுல தூங்குனா ஷார்ட் ரெஸ்ட் கணக்கு. ஆட்டம் எங்க நின்னுச்சோ அடுத்த தடவ அதே நாளோட மிச்சத்துலேருந்து தொடங்கணும். மறந்து போகும்னு பயந்தீகன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ஆறு ஷீட்டையும் வரிசையா தரையில வச்சு ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்ருங்க, ஹெச்பி எத்தன, ஸ்லாட் எத்தன எல்லாம் அதுல இருக்கும். சிங்கப்பூர்க்காரர் "எனக்கு ஃபுல்லா இருந்துச்சே"ன்னு வந்து நிக்க முடியாது.

கேள்வி: எங்க வீட்டையே டஞ்சனா வரைஞ்சு டிஎம் பண்ணலாம்னு இருக்கேன். பேலன்ஸா வருமா?
— ஆத்தங்குடி

பதில்: அருமையா வரும், ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பக்கத்து வீடுக முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும், முன்வாசல்ல நின்னா பின்வாசல் தெரியும். லாங்போ 150 அடி வரைக்கும் தடங்கல் இல்லாம போகும், அப்ப வில்லு வச்சிருக்குறவன் முகப்புலயே உக்காந்து வீட்டையே காலி பண்ணிடுவான். கதவ எல்லாம் சாத்தி வைங்க, கட்டு கட்டா திறந்து போகட்டும். வளவச் சுத்தி நிக்கிற தூணுக்கு ஹாஃப் கவர் (பாதி மறைவு), ஏசிக்கு (அடி படணும்னா தாண்ட வேண்டிய ஆர்மர் கிளாஸ் நம்பர்) கூட 2. நடு முத்தத்துக்கு மேல வானம்தான், பறக்குற ஆள் யாராச்சும் இருந்தா கட்டு விட்டு கட்டு தாண்டிடுவாக, அங்கதான் நீங்க நாலு வில்லுக்காரன நிறுத்தணும். ஃபயர்பால் 20 அடி ஆரம், பல வீட்டுல வளவு மொத்தமும் அதுக்குள்ள அடங்கிரும், யாரு கையிலயும் இல்லாத எரியிற பொருள் எல்லாம் தீப்புடிக்கும்னு புக்குல தெளிவா போட்ருக்கு, பர்மா தேக்கு எரிஞ்சா அதுக்கு எவ்வளவு தங்கக் காசு தண்டம்னு முன்னாடியே விசார்டுக்கு சொல்லிடுங்க.

கேள்வி: ஆட்டத்துக்கு பலகாரம் கொண்டு வர்றவுகளுக்கு எங்க டிஎம் ஒரு இன்ஸ்பிரேஷன் (உருட்டுறப்ப ஒரு தடவ எடுத்துக்கிற சலுகை) குடுக்குறாரு. இது லஞ்சம் இல்லையா?
— குன்றக்குடி

பதில்: லஞ்சம்தான், அதப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா மறுபடியும் யாரு கட்டுறாகன்னு பாருங்க: வீட்டுல ஆயா இருக்குறவனுக்கு வாராவாரம் இன்ஸ்பிரேஷன், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பயலுக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தர் கொண்டு வந்தா டேபிளுக்கே பொதுவா ஒண்ணுன்னு மாத்துங்க, யாரு எடுக்கறதுங்குறத கொண்டு வந்தவர் சொல்லட்டும். பழைய புக்குல இன்ஸ்பிரேஷன்னா அட்வான்டேஜ், 2024 புக்குல உருட்டுன டைஸயே மறுபடி உருட்டிக்கலாம். கடையில வாங்குன மிக்சருக்கு பழைய புக்கு, வீட்டுல சுட்ட கந்தரப்பத்துக்கு புது புக்கு.